நீறுபூசிகளும் முதல் தாம்பூலமும்: செஞ்சிக் கதையை எங்கே போய்ப் பார்ப்பது?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சமணர்களைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் பாருங்க. திரும்பத் திரும்ப ஒரே செய்திதான் வந்து நிற்கும். 1478இல் செஞ்சியை ஆண்ட நாயக்கன் ஒருவன், சமணர்களின் தலையை வெட்டச் சொன்னான். அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டு வரி. சில சமயம் செஞ்சிக் கோட்டையின் படம் ஒன்று.

இந்த இரண்டு வரியின் மூலம் பல பேருக்கு 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெஜட்டியர்தான். எழுதியவர் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. மூன்று வருஷம் கழித்து வந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுப்பும் இதே கதையை எடுத்துக்கொண்டது. அங்கிருந்துதான் பின்னால் வந்தவர்கள் எடுத்தார்கள். எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கத்திரி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். தலை வெட்டியதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். மூலத்தில் அது பாதிக் கதைகூடக் கிடையாது.

முழுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

செஞ்சியை ஆண்டவனுக்குக் கதையில் இரண்டு பெயர்: வேங்கடபதி, துமால கிருஷ்ணப்பன். கவரை சாதிக்காரன். உள்ளூர் பிராமணர்களிடம் போய்ப் பெண் கேட்கிறான். சமணர்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று அவர்கள் நழுவுகிறார்கள். சமணர்களிடம் கேட்கிறான். அவர்களுக்கு அவனோடு சம்பந்தம் வைத்துக்கொள்வது அவமானம். முடியாது என்று சொல்லப் பயம். சரி என்று சொல்லி நாளும் குறித்துவிடுகிறார்கள். கல்யாணத்தன்று அவன் பரிவாரத்தோடு வந்து பார்த்தால் வீடு காலி. வாசல்காலில் ஒரு பெட்டை நாய் கட்டியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த உத்தரவு. சிலர் வெட்டுப்பட்டார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் ஒளிந்து ஒளிந்து தங்கள் சடங்குகளைச் செய்தார்கள், மற்றவர்கள் பூணூலைக் கழற்றிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார்கள்.

இதற்கு மேல்தான் கதையே ஆரம்பிக்கிறது. திண்டிவனம் பக்கத்து வேலூரில் (கோட்டை உள்ள வேலூர் இல்லை, இது கிராமம்) வீரசேனாச்சாரியார் என்பவர் ஒரு கிணற்றில் சமணச் சடங்கு செய்யும்போது பிடிபடுகிறார். அரசனிடம் இழுத்துப்போகிறார்கள். அன்று பார்த்து அரசனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நல்ல மனநிலையில் இருக்கிறவன், போய்த்தொலை என்று விட்டுவிடுகிறான். தப்பித்தவர் சிரவணபெளகொளவுக்குப் போய்த் துறவியாகி நூல்களைக் கற்கிறார். இன்னொரு பக்கம், தாயனூர் காங்கேய உடையார் தெற்கே உடையார்பாளையம் பாளையக்காரரிடம் அடைக்கலமாகி நிலமும் பெறுகிறார். தனக்குப் பாதுகாப்பு உறுதியானதும் அவரே சிரவணபெளகொளவுக்குப் போய் வீரசேனரைக் கூட்டிவருகிறார். இரண்டு பேரும் செஞ்சி நாட்டில் ஊர் ஊராகப் போய், நீறு பூசியவர்களைத் திரும்பவும் சமணத்துக்கு அழைக்கிறார்கள். பலர் திரும்பி வருகிறார்கள். வராதவர்களுக்கு 'நீறுபூசி வேளாளர்' என்ற பெயர் நிலைக்கிறது.

முடிவில் ஒரு தகவல். காங்கேய உடையாரின் வாரிசுகள் தாயனூரிலேயே இருக்கிறார்கள், விசேஷங்களில் முதல் தாம்பூலம் அவர்களுக்குத்தான், சித்தாமூர் மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் வார்த்தைக்கு முதன்மை உண்டு என்கிறது கெஜட்டியர்.

இப்போது கதையை முழுசாகப் பாருங்க. வெட்டுக்கு ஒரு வாக்கியம். திரும்பி வந்ததற்கு ஒரு பத்தி. இதைச் சொல்லி வைத்தவர்களுக்கு எது முக்கியமாக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கதையில் இடறும் இடங்கள்

சரி, இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியுமா? மூன்று இடத்தில் இடறுகிறது.

முதலாவது வருஷம். 1478இல் விஜயநகரத்தில் இரண்டாம் விருபாட்சன் ஆட்சி. சந்திரகிரியிலிருந்து சாளுவ நரசிம்மன் கை ஓங்கியிருந்த காலம். செஞ்சியில் நாயக்கர் ஆட்சி வேர்விட்டதைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1509இல் பட்டமேறிய கிருஷ்ணதேவராயர் காலத்தையொட்டி வைப்பதுதான் வழக்கம். செஞ்சி வரலாற்றில் துபாகி கிருஷ்ணப்ப நாயக்கர் என்று ஒருவர் வருகிறார். கதையின் 'துமால கிருஷ்ணப்பன்' இவருடைய நிழலாக இருக்கலாம். எப்படியும் வருஷமும் ஆளும் பொருந்தவில்லை. வருஷத்தைப் பிடித்தால் நாயக்கரை விட வேண்டும், நாயக்கரைப் பிடித்தால் வருஷத்தை விட வேண்டும்.

இரண்டாவது, அந்த நாய். ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லை, ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்தோம் என்பது தமிழ்நாட்டில் பல சாதிகளின் இடப்பெயர்வுக் கதைகளில் வருகிற சமாசாரம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலில் அந்த மக்கள் தெற்கே வருவதற்குக் காரணமும் ராஜா பெண் கேட்டதுதான். பந்தலில் நாயைக் கட்டிவிட்டுப் போன கதையையும் வேறு சமூகங்களிடம் கேட்கலாம். ஆக, கொலைக்குக் காரணமாகச் சொல்லப்படும் பகுதி, ஊருக்கு ஊர் உலவும் ஒரு கதையச்சில் வார்த்தது. இந்த அச்சில் பெண்ணுக்குப் பெயர் இருப்பதும் அபூர்வம். இங்கேயும் இல்லை. 'ஒரு முக்கியஸ்தரின் மகள்' என்பதோடு சரி. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் இடத்தில் ஒரு நாயைக் கட்டிவைத்ததைச் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்கிறது கதை. மதக் கொடுமைக் கதை என்று நாம் படிப்பதன் நடுவில் சாதி மானம் உட்கார்ந்திருக்கிறது. கதை சொல்லிகள் அதை மறைக்கவும் இல்லை.

மூன்றாவது இடறல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செஞ்சி நாயக்கர்கள் வைணவச் சார்புடையவர்கள். அவர்களுக்குப் பயந்து மதம் மாறியவர்கள் நாமம் அல்லவா போட்டிருக்க வேண்டும்? ஏன் திருநீறு?

பதினாறாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இந்தப் பக்கம் வந்த பிமெண்டா பாதிரியாரின் கடிதங்கள் இருக்கின்றன. அப்போது இன்னொரு கிருஷ்ணப்ப நாயக்கர் செஞ்சியில் இருந்தார். சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சன்னதித் திருப்பணியை அவர் நடத்தியபோது தில்லைச் சைவர்கள் எதிர்த்தார்கள், சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டார்கள், நாயக்கர் துப்பாக்கியால் சுடவும் சொன்னார் என்று பிமெண்டா எழுதியிருக்கிறார். செஞ்சி நாயக்கர் ஒருவரின் மத வன்முறைக்குச் சமகாலச் சாட்சி வேண்டும் என்றால் இது இருக்கிறது. அடிபட்டவர்கள் சைவர்கள்.

அப்படியானால் சமணர்கள் பூசிய நீறு அரசனுக்குக் காட்டப் பூசியதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் சைவ வேளாளன். இவனும் அவனைப் போலவே உழவன், அவனைப் போலவே மரக்கறி உண்பவன். கூட்டத்தில் தனியாகத் தெரியக்கூடாது என்றால் பக்கத்து வீட்டுக்காரனைப் போல ஆவதுதான் சுலபமான வழி. நெற்றியில் மூன்று கோடு, பூணூலைக் கழற்றினால் தீர்ந்தது. அரண்மனையின் மதத்துக்கு மாறியவர்களாக இல்லாமல், தெருவின் மதத்துக்குள் ஒதுங்கியவர்களாக இவர்களைப் பார்த்தால் 'நீறுபூசி' என்ற பெயர் புரிகிறது. அந்தப் பெயரைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்க. 'சைவர் ஆனவர்கள்' என்று சொல்லவில்லை. நீறு பூசுகிறவர்கள், அவ்வளவுதான். உள்ளே என்ன என்பதைப் பற்றிப் பெயர் வாயே திறக்கவில்லை.

வருஷம் ஆடுகிறது, காரணம் பொது அச்சு. ஆனால் ஒரு நெருக்கடி, சிதறல், வெளியூர்ப் பாதுகாப்பு, திரும்பிச் சேர்தல் என்ற நான்கும் அப்படிக் கழிக்கக்கூடியவை அல்ல. அவற்றோடு நிஜமான ஊர்களும், ஒரு குடும்பத்தின் உரிமையும், ஒரு சமூகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மதுரைக் கதையும் செஞ்சிக் கதையும்

தமிழ்நாட்டில் சமணர் துன்பம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மதுரைக் கழுவேற்றம்தான். எண்ணாயிரம் பேர். பதினோராம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த நம்பியாண்டார் நம்பியும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரும் சொல்லி, பிறகு கோயில் ஓவியங்களுக்கும் திருவிழா ஐதீகங்களுக்கும் போன கதை. நடந்ததாகச் சொல்லப்படும் காலமோ ஏழாம் நூற்றாண்டு. சம்பந்தர் தம் பதிகங்களில் சமணரைக் கடுமையாக ஏசுகிறார், கழுவேற்றியதாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் அச்சணந்தி போன்ற சமணப் பெரியவர்கள் செய்வித்த திருமேனிகளும் கல்வெட்டுகளும் நிறையவே உள்ளன. எண்ணாயிரம் என்ற எண்ணிக்கையை நம்புகிறவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

விழுப்புரம் பக்கமும் அப்படி ஒரு பழைய கதை உண்டு. திருநாவுக்கரசரைச் சமணர்களும் பல்லவ மன்னனும் நீற்றறையில் இட்டது, நஞ்சு கொடுத்தது, யானையை ஏவியது, கல்லோடு கட்டிக் கடலில் போட்டது. கடைசியில் மன்னன் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபர ஈச்சரம் கட்டினான் என்கிறார் சேக்கிழார். பாடலிபுத்திரம் என்பது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். சர்வநந்தி என்ற சமண முனிவரின் 'லோகவிபாகம்' பாடலிகை என்னும் ஊரில் கி.பி. 458இல் முடிந்தது, அந்த ஊர் இதுதான் என்பார்கள். ஆக, அங்கே சமண நிலையம் இருந்ததற்குப் பெரியபுராணத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

இந்த இரண்டு கதைகளிலும் ஒரு ஒற்றுமை. இரண்டையும் சொன்னது ஜெயித்த பக்கம். எண்ணாயிரத்தைக் குற்றமாக அல்ல, வெற்றியாகத்தான் சொன்னார்கள். பள்ளியை இடித்ததும் புண்ணியக் கணக்கில்தான் வருகிறது. செஞ்சிக் கதை அப்படி இல்லை. அதைச் சொல்லி வைத்தவர்கள் அடிபட்ட பக்கம். அதில் எண்ணிக்கையே கிடையாது. 'சிலர்' வெட்டுப்பட்டார்கள். ஆயிரம் என்றோ பத்தாயிரம் என்றோ போட்டுக்கொள்ள யார் தடுத்தார்கள்? போடவில்லை. இந்த அடக்கமே எனக்கு இந்தக் கதைமேல் ஒரு மரியாதையைக் கொடுக்கிறது. ஆனால் இன்று நாம் என்ன செய்கிறோம்? எண்ணிக்கை உள்ள கதையை மேடையில் ஏற்றி, ஒரு பக்கம் பெருமையும் மறுபக்கம் வசையுமாக அடித்துக்கொள்கிறோம். எண்ணிக்கை இல்லாததை இரண்டு வரியாகச் சுருக்கிவிட்டோம்.

கோட்டையில் தேடினால்

இந்த மாதிரி இடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: சம்பவம் நடந்த இடம் எது என்று கேட்பது. ஐரோப்பாவில் இதற்குப் பதில் கிடைக்கும். பிரான்சில் மோன்செகூர் மலையடிவாரத்தில் 1244 மார்ச் 16 அன்று இருநூறு பேர் அளவில் கத்தார் சமயத்தவர்களை எரித்தார்கள். அங்கே நினைவுக்கல் இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1190இல் யூதர்கள் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்து, சுமார் 150 பேர் மாண்டார்கள். 1978இல் அங்கே ஒரு பலகை வைத்தார்கள். இத்தனைக்கும் யார்க்கில் இன்று நிற்கும் கல்கோபுரம் பிறகு கட்டியது. அன்று எரிந்தது மரக்கோபுரம். தேதியும் இடமும் பலகையும் உள்ள ஊரிலேயே, பார்க்கிற கட்டடம் சம்பவத்தைப் பார்த்த கட்டடம் இல்லை.

செஞ்சியில் இன்னும் மோசம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் ஏறி இறங்கினாலும் இந்தக் கதைக்கு ஒரு கல்லைக் காட்ட முடியாது. கோட்டைக்கு அதன் சொந்தக் கதைகள் நிறைய. 1677இல் சிவாஜி பிடித்தது, 1714இல் தேசிங்கு ராஜா மாண்டது. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாகத்தான். கோட்டை, கோட்டைக்காரர்களின் கதையைச் சொல்கிறது. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அங்கே போய் நீறுபூசிகளைத் தேடுவதுதான் தப்பு.

அதே செஞ்சிக்குப் பக்கத்தில் சிறுகடம்பூரில் திருநாதர் குன்று இருக்கிறது. ஒரே பாறையில் வரிசைக்குப் பன்னிரண்டாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். அங்குள்ள பழைய கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைப் பதிகிறது. ஆறாம் நூற்றாண்டையொட்டியது. தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் எல்லோரும் வந்துபோகும் கல். இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததாக இன்னொன்று. விரும்பி ஏற்ற சாவுக்குப் பெயரும் நாள் கணக்கும் கல்லில் வெட்டிவைத்த சமூகம் இது. சுமார் 900 வருஷம் கழித்து வெட்டுப்பட்டவர்களுக்கு அவர்களே ஒரு பெயரைக்கூடச் சொல்லி வைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பெயர் சொல்லி வைத்தது திரும்பி வந்தவரையும், அவரைக் கூட்டிவந்தவரையும்.

அவர்களை நினைவில் வைத்த விதமும் வேறு. கல் நடவில்லை. ஒரு குடும்பத்துக்கு முதல் வெற்றிலைபாக்கு என்று விதித்தார்கள். நம்ம ஊரில் முதல் மரியாதை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அதற்காகக் கோர்ட்டு வரைக்கும் போகிற ஊர் இது. ஒவ்வொரு விசேஷத்திலும் தாம்பூலத் தட்டு தாயனூர்க்காரர் முன்னால் போகும்போது, ஏன் இவருக்கு முதலில் என்று ஒரு பையன் கேட்பான். கேட்டால் கதையைச் சொல்லியாக வேண்டும். நினைவைப் பாதுகாக்க இதைவிட உறுதியான ஏற்பாடு இருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. உரிமையோடு கட்டிய நினைவு, உரிமைக்காரருக்குத் தோதாகத்தான் வளரும். அதனால்தான் கதையில் தாயனூரும் வேலூரும் பளிச்சென்று தெரிகின்றன. நீறோடு நின்றுவிட்டவர்கள் ஒரு பெயரோடு ஓரமாகிவிட்டார்கள். அவர்கள் பக்கத்துக் கதை கெஜட்டியரில் இல்லை.

'அழிந்துவிட்டது' என்ற சொல்

இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். சொல்கிறேன்.

வெட்டோடு கதையை நிறுத்தினால் கேட்கிறவர் மனதில் பதிவது 'சமணம் தமிழ்நாட்டில் அழிந்துவிட்டது' என்பதுதான். இரக்கத்தோடு சொல்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் நயினார்கள் இன்றும் பயிர் வைத்துக்கொண்டு, தமிழ் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் சுமார் 89 ஆயிரம். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்த கணக்கு அது. 'ஜெயின்' என்றால் சேட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஊரில், ஒரு நயினார் 'நான் சமணன்' என்று சொன்னால் அடுத்த கேள்வி 'எந்த ஊரிலிருந்து வந்தீங்க?' என்பதுதான். ஆயிரத்தைந்நூறு வருஷக் கல்வெட்டு உள்ள ஊர்க்காரனைப் பார்த்து! அவர்கள் அழிந்தார்கள் என்று நாம் உருக்கமாகச் சொல்லச் சொல்ல, இருக்கிறவர்கள் வந்தேறிகளாகிவிடுகிறார்கள். உ.வே.சா. சிந்தாமணிப் பதிப்பை 1887இல் கொண்டுவர முடிந்ததற்கு, கும்பகோணத்துச் சமணர்கள் வீட்டில் அந்த நூல் பாடமாக வாழ்ந்துகொண்டிருந்தது ஒரு காரணம். அவர்கள் 'அழிந்திருந்தால்' நமக்குச் சிந்தாமணியின் பொருளும் தடுமாறியிருக்கும்.

ஆகவே இந்தக் கதைக்காக ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்க. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவிலிருக்கும் மேல்சித்தாமூரிலிருந்து ஆரம்பியுங்க. ஜினகாஞ்சி மடம் அங்கேதான். பார்சுவநாதர் கோயிலின் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மலைநாதர் கோயிலில் பாறையில் செதுக்கிய பழைய திருமேனிகளையும் பாருங்க. செஞ்சிக் கதைக்குப் பல நூற்றாண்டு முந்தையவை அவை. பெருமண்டூர், விழுக்கம், வேலூர், தாயனூர் என்று கெஜட்டியர் சொல்லும் ஊர்கள் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். பிறகு திருநாதர் குன்று. எந்த ஊரிலும் 'எங்கே வெட்டினாங்க?' என்று ஆரம்பிக்காதீங்க. இப்போது மடாதிபதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், தாம்பூலம் முதலில் யாருக்குப் போகிறது என்று கேளுங்க. பதில் 1906இல் எழுதியதுபோலவே இருந்தாலும் சரி, மாறியிருந்தாலும் சரி, குறித்துக்கொண்டு வாங்க. கெஜட்டியருக்கு அடுத்த பத்தியை யாராவது எழுத வேண்டாமா?